சான்றிதழில் பரம்பரை இருக்கு, ஆரோக்கியம் எங்கே?

 

எங்கள் தொண்டர் குழு வழக்கமா இந்தப் பக்கத்துல பூசை நேரம், அன்னதானக் கணக்கு, கூட்டுத் துப்புரவுப் பணி இதெல்லாம்தான் போடுவோம். இன்னிக்கு நாயைப் பத்தி எழுதுறோம். "கோயில் பக்கத்துல நாய்க்கு என்ன வேலை"ன்னு யாராவது கேட்டா, பைரவர் சந்நிதிக்குப் போய்ப் பாருங்க. சாமிக்குப் பின்னால யார் நிக்குறா? தேய்பிறை அஷ்டமிக்கு விளக்குப் போட்டு, வடைமாலை சாத்திட்டு, வெளியில வந்து அதே நாயைக் கல்லால அடிக்கிறது பக்தி இல்ல. சொர்க்க வாசல்ல தருமர் "கூட வந்த நாயை விட்டுட்டு உள்ளே வர மாட்டேன்"னு நின்ன கதையைச் சின்ன வயசுல இருந்து கேட்டு வளர்ந்தவங்க நாம. அதனால இந்த விஷயம் கோயிலுக்கு வெளி விஷயம் இல்லைன்னு நாங்கள் நினைக்கிறோம்.

சங்கதி இதுதான். கோலா தெர்லா, கம்போங் ராஜா, திரிங்காப் வட்டாரத்துல முன்னாடி கோயில் வாசலுக்கு வந்து சேர்ற நாய் எல்லாம் சாதாரண கம்போங் நாய். காய்கறித் தோட்டத்துக் காவல் நாய் குட்டி போடும், அது ரோட்டுக்கு வரும், யாராவது சோறு வைப்பாங்க. மெலிஞ்சு கெடக்கும், சொறி இருக்கும். ஆனா மருந்து போட்டு ரெண்டு மாசம் சோறு போட்டா எழுந்து ஓடும். இப்ப சில வருசமா வேற மாதிரி நாய் வருது. மூக்கு சப்பையா, மூச்சு விடவே திணறுற பிரெஞ்ச் புல்டாக். நாலு வயசுலயே பின்னங்கால் இழுத்துக்கிட்டு நடக்கிற ஜெர்மன் ஷெப்பர்ட். கண்ணு மங்கிப் போய்ச் சுவத்துல முட்டிக்கிற பூடல். இதெல்லாம் தெரு நாய் இல்ல. ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கின நாய். கேமரன் குளிர்தானே, வெளிநாட்டு நாய் நல்லா இருக்கும்னு வாங்குறாங்க. மருத்துவச் செலவு தாங்க முடியாம ராத்திரியில கொண்டாந்து விட்டுட்டுப் போறாங்க.

விட்டுட்டுப் போறது பெரிய பாவம். அதுல மாற்றுக் கருத்து இல்ல. ஆனா எல்லாப் பழியையும் வாங்கினவங்க தலையில போட்டுட முடியாது. எங்கள் ஆலயத்துக்கு வர்ற ஒரு குடும்பம். புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலை. பிள்ளை கேட்டானேன்னு காசு சேர்த்து ஒரு பிரெஞ்ச் புல்டாக் குட்டி வாங்கினாங்க. "சான்றிதழ் உள்ள குட்டி, அதான் விலை"ன்னு விக்கிறவர் சொன்னார். எட்டு மாசத்துல குட்டி தூங்க முடியாம உக்காந்தே இருந்துச்சு. படுத்தா மூச்சு அடைக்குது. சிம்பாங் பூலாய் வழியா ஈப்போவுக்கு இறக்கிக் கொண்டு போய்க் காட்டினாங்க. மூக்குத் துவாரம் பிறப்பிலேயே குறுகல், தொண்டைக்குள்ள மேலண்ணத்துச் சதை நீளம், அறுவை சிகிச்சை பண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டார். வாங்கின விலையை விட வைத்தியச் செலவு கூட. அவங்க நாயைக் கைவிடல, கடன் வாங்கிப் பார்த்தாங்க. எல்லாரும் அப்படிப் பார்ப்பாங்களா?

அந்தச் சான்றிதழை நாங்கள் வாங்கிப் பார்த்தோம். நல்ல தாளு. அப்பா பேர், அம்மா பேர், தாத்தா பாட்டி பேர், அதுல யார் யார் சாம்பியன், நிறம், பிறந்த தேதி, மைக்ரோசிப் எண் எல்லாம் இருக்கு. அப்பா நாய் மூச்சு விடுதா, அம்மா நாய் குட்டியை இயற்கையா பெத்துச்சா, இடுப்பு எலும்பு சரியா இருக்கான்னு ஒரு வரி இல்ல. வேற குடும்பங்கள் கொண்டாந்து காட்டின சான்றிதழ்களும் இப்படித்தான் இருந்துச்சு. பரம்பரை இருக்கு, ஆரோக்கியம் இல்ல.

எங்களில் பாதிப் பேர் ஃபேக்டரியில வேலை செய்றவங்க. கேமரன்ல ஃபேக்டரின்னா பெரும்பாலும் தேயிலைதான். கொழுந்து எந்தத் தோட்டத்துல இருந்து வந்துச்சுன்னு எழுதி வெச்சா மட்டும் சரக்கு வெளியே போயிடாது. வாட வெச்சது சரியா, ஈரம் எவ்வளவு, தூள் தரம் பிரிச்சது சரியா, கடைசியில சாயம் போட்டுக் குடிச்சுப் பார்த்து, அப்புறம்தான் லேபிள் ஒட்டுவோம். ஒரு மேற்பார்வையாளர் "இது நல்ல தோட்டத்துக் கொழுந்து, அதனால சோதனை வேணாம்"னு சொன்னா அடுத்த நாள் அவருக்கு வேலை இருக்காது. கென்னல் சங்கங்கள் இன்னிக்குச் செய்யறது கிட்டத்தட்ட அதுதான். எந்தத் தோட்டம்னு எழுதுறாங்க. தூள் நல்லதான்னு பார்க்கிறது இல்ல.

சரி, சாதி நாய்க்கு ஏன் இவ்வளவு வியாதி? இதைப் புரிஞ்சுக்க நமக்குப் பெரிய படிப்பு வேண்டாம். நம்ம வீட்டுப் பெரியவங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். அக்கா மகள், மாமன் மகள்னு ரத்தச் சொந்தத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையா கட்டினா பிள்ளைகளுக்குக் கோளாறு வர வாய்ப்பு கூடும்னு இப்ப எல்லா டாக்டரும் சொல்றாங்க. சாதி நாயில இது இன்னும் மோசம். இனப் பதிவேட்டை ஒரு காலத்துல மூடிட்டாங்க. அதுல இருக்கிற நாய்களோட வாரிசுகள் மட்டும்தான் பதிவாக முடியும், வெளி ரத்தம் உள்ளே வரக் கூடாது. அதுக்குள்ள ஒரு ஆண் நாய் போட்டியில ஜெயிச்சுட்டா ஊரே அதுகிட்ட சேர்க்கை வைக்கும். அடுத்த தலைமுறையில பார்த்தா எல்லாக் குட்டியும் அண்ணன் தங்கச்சி. 2008-இல் லண்டன் இம்பீரியல் காலேஜ் ஆய்வாளர்கள் பிரிட்டன் கென்னல் கிளப் பதிவேட்டை வெச்சுக் கணக்குப் போட்டாங்க. பிரிட்டன்ல சுமார் பத்தாயிரம் பக் நாய் இருந்தாலும், மரபணு வகையில பார்த்தா அது வெறும் 50 நாய்க்குச் சமம்னு தெரிய வந்துச்சு.

இன்னொண்ணு, நோயைச் சுமக்கிற நாய் பார்வைக்கு நல்லா இருக்கும். நம்ம நாட்டுல 2016-லிருந்து நான்காம் படிவ மாணவர்களுக்குத் தலசேமியா இரத்தப் பரிசோதனை செய்றாங்க. எதுக்கு? பையன் நல்லா பந்து விளையாடுவான், ஆனா மரபணுவைச் சுமக்கலாம். சுமக்கிற ரெண்டு பேர் கல்யாணம் பண்ணினா, ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு, நோய் முழுசா வர. முன்னாடியே தெரிஞ்சா யோசிச்சு முடிவு எடுக்கலாம். நாய்க்குக் கண்பார்வை போற வியாதி பலதும் இதே கணக்குத்தான். அதுக்கு மரபணுச் சோதனை இருக்கு. வாயில பஞ்சுக் குச்சியால தடவி எடுத்து அனுப்பினா போதும். சுமக்கிற நாயை ஒதுக்கக்கூட வேண்டாம், இன்னொரு சுமக்கிற நாயோட சேர்க்காம இருந்தாலே ஒரு குட்டிகூடக் குருடாகாது. மனுசப் பிள்ளைக்கு அரசாங்கம் செய்ற காரியத்தை, நாய்க்கு நாய்ச் சங்கம் செய்யக் கூடாதா?

"இதெல்லாம் நடக்கிற காரியமா"ன்னு கேக்குறவங்களுக்கு, நடந்த ஊர்களைச் சொல்றோம்.

பிரிட்டன்ல 2008 ஆகஸ்ட்ல பிபிசி ஒரு ஆவணப்படம் போட்டுச்சு. சாதி நாய்களோட வியாதியை அப்படியே வெளிச்சத்துக்குக் கொண்டாந்துச்சு. ஊரே கொதிச்சுப் போச்சு. கிரஃப்ட்ஸ்னு உலகப் புகழ் நாய்க் கண்காட்சி, பல வருசமா பிபிசி ஒளிபரப்பினது. அடுத்த வருசத்துல இருந்து நிறுத்திட்டாங்க. கென்னல் கிளப் அதுக்கப்புறம் அசைஞ்சது. 2009-லிருந்து அப்பன்-மகள், தாய்-மகன், கூடப் பிறந்தவைகளைச் சேர்த்துப் பிறந்த குட்டியைப் பதிவு செய்ய மாட்டோம்னு விதி போட்டாங்க. 2012-இல் ஒரு பெட்டை நாலு ஈத்துக்கு மேல போட்டா பதிவு இல்ல, ரெண்டு தடவை வயித்தைக் கிழிச்சுக் குட்டி எடுத்திருந்தா அதுக்கப்புறம் பதிவு இல்லன்னு சொன்னாங்க. அதே வருசம் கிரஃப்ட்ஸ்ல பிரச்சினை உள்ள 15 இனங்களோட வெற்றி நாய்களைக் கால்நடை மருத்துவர் பார்த்த பிறகுதான் பட்டம்னு வெச்சாங்க. நடுவர் "இதுதான் இனத்திலேயே சிறந்தது"ன்னு கை காட்டின 15-ல 6 நாய் தேறல. கேளுங்க, வெற்றி பெற்ற நாய்களே அந்த லட்சணம்.

வயித்தைக் கிழிக்கிற விஷயம் சும்மா சொன்னது இல்ல. 2010-இல் வெளிவந்த ஒரு பிரிட்டன் ஆய்வு சொல்லுது: புல்டாக், பிரெஞ்ச் புல்டாக், பாஸ்டன் டெரியர் இந்த மூணு இனத்திலும் 80 விழுக்காட்டுக்கு மேல் பிரசவம் அறுவை சிகிச்சையில்தான். தலை பெருசா, இடுப்பு சின்னதா மனுசன் வடிவமைச்சுட்டான். தன் குட்டியைத் தானே பெத்துக்க முடியாத ஜீவனை உருவாக்கி அதுக்கு "உயர்ந்த சாதி"ன்னு சான்றிதழ் கொடுக்கிறோம்.

சுவீடன்ல பல இனங்களுக்கு, தாய் தகப்பனோட இடுப்பு எக்ஸ்ரே முடிவு பதிவேட்டுல இல்லாம குட்டிக்குப் பதிவு கிடையாது. ஜெர்மனியில ஜெர்மன் ஷெப்பர்டுக்கான சங்கம் இடுப்பு எக்ஸ்ரேயில தேறாத நாயை இனப்பெருக்கத்துக்கு விடுறது இல்ல. நோர்வேயில சங்கம் அசையல, அதனால நீதிமன்றம் அசைஞ்சது. கவலியர் கிங் சார்ல்ஸ் இனத்துக்கு இருதய வால்வு வியாதியும், மண்டை ஓடு சின்னதாகி மூளையை நெருக்குற வியாதியும் பரவிக் கெடக்கு. அந்த இனத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்துக் குட்டி எடுக்கிறது விலங்கு நலச் சட்டத்துக்கு விரோதம்னு 2023 அக்டோபர்ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிடுச்சு. சங்கம் தானா திருந்தினா விதி அவங்க கையில இருக்கும். இல்லன்னா நீதிபதி கையில போகும். நம்ம நாட்டுச் சங்கம் இதை யோசிக்கணும்.

டால்மேஷன் கதையும் கேளுங்க. வெள்ளையில கருப்புப் புள்ளி போட்ட நாய். அந்த இனம் முழுசுக்கும் ஒரு மரபணுக் குறை, சிறுநீர்ல யூரிக் அமிலம் கூடிக் கல் அடைக்கும். 1973-இல் அமெரிக்காவுல ராபர்ட் ஷைபிள்னு ஒரு மரபணு ஆய்வாளர் ஒரே ஒரு தடவை பாயின்டர் இன நாயோட சேர்த்தார். அதுக்கப்புறம் ஒவ்வொரு தலைமுறையையும் திரும்ப டால்மேஷனோடயே சேர்த்தார். புள்ளி, உடம்பு, குணம் எல்லாம் டால்மேஷன்தான், நோய் மட்டும் இல்ல. "ரத்தம் கெட்டுப் போச்சு"ன்னு இனச் சங்கத்துல எதிர்ப்பு. அமெரிக்கக் கென்னல் கிளப் அந்த வழி நாய்களை நிரந்தரமா ஏத்துக்கிட்டது 2011-இல். சரி செய்ய ஒரு சேர்க்கை போதுமா இருந்துச்சு, மனசு மாற 38 வருசம் ஆச்சு. இந்தச் "சுத்த ரத்தம்"ங்கிற பேச்சு நாயில மட்டுமா இருக்கு? அதை வாசகர்களே யோசிச்சுக்குங்க.

நம்ம பூர்வீகத் தமிழ்நாட்டுக்கு வருவோம். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி நாலும் நம்ம மண்ணோட நாய்கள். 2005-இல் இந்திய அஞ்சல் துறை இராஜபாளையத்துக்குத் தபால்தலையே போட்டுச்சு. ஆனா அந்த நாய்க்குப் பால் வெள்ளை நிறம், ரோஸ் கலர் மூக்கு வேணும்னு அதையே தேடித் தேடிச் சேர்த்ததுல, பிறவிச் செவிடா குட்டி பிறக்கிறது அந்த இனத்துல தெரிஞ்ச குறை. வெள்ளை நிறமும் காதும் மரபணுவுல சம்பந்தப்பட்டது. குட்டிக்குக் காது கேக்குதான்னு மின்கருவி வெச்சுச் சோதிக்க முடியும். சோதிச்சு, கேக்காததை இனப்பெருக்கத்துக்கு விடாம இருந்தா போதும். நிறம்தான் முக்கியம்னு சொன்னா, காவல் நாய்க்குத் திருடன் வர்றது எப்படிக் கேக்கும்?

2017-இல் இந்திய அரசு நாய் இனப்பெருக்கத்துக்கு விதி கொண்டாந்துச்சு. 18 மாசம் ஆகாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது, ஆயுசுக்கு அஞ்சு ஈத்துக்கு மேல கூடாதுன்னு அதுல இருக்கு. 2024-இல் தமிழ்நாடு அரசு தனியா ஒரு நாய் இனப்பெருக்கக் கொள்கை வெளியிட்டுச்சு. பக், பிரெஞ்ச் புல்டாக், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் மாதிரி வெயில் தாங்காத இனங்களை அங்க இனப்பெருக்கம் செய்யக் கூடாது, நாட்டு இனங்களை வளர்க்கணும்னு சொல்லுச்சு. சென்னையில தலைமையகம் வெச்சிருக்கிற கென்னல் கிளப் ஆஃப் இந்தியா அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. வழக்குப் போடுறது அவங்க உரிமை. எங்கள் கருத்து என்னன்னா, இனத்தையே தடை பண்ணுறது கடைசி வழி. சங்கமே முன்னாடி நின்னு "சோதனையில தேறின நாய்க்கு மட்டும்தான் பதிவு"ன்னு சொல்லியிருந்தா தடைக்கு அவசியம் வந்திருக்காது.

இப்ப நம்ம ஊருக்கே வருவோம். இது பலருக்குத் தெரியாது. கோலான்னா ஆறு சேர்ற இடம். தெர்லா ஆறு போய்ச் சேர்றது தெலோம் ஆத்துல. அந்தத் தெலோம் பேர்ல உலகத்துல ஒரு நாய் இனம் இருக்கு. தெலோமியன்! இந்த ஆத்தங்கரைக் காட்டுல ஓராங் அஸ்லி மக்கள் வளர்த்த நாய். 1963-இல் ஆர்வில் எலியட்னு ஒரு மானிடவியலாளர் அதைப் பார்த்து, ஒரு ஜோடியை அமெரிக்காவுக்கு அனுப்பினார். ஆத்துப் பேரையே அதுக்கு வெச்சார். அங்க நாய்களோட குணத்தை ஆராய்ஞ்ச ஜே. பி. ஸ்காட்கிட்ட அது போச்சு. நாக்குல நீலப் படை, நெத்தியில சுருக்கம். உசரமா கட்டின வீட்டுக்கு ஏணியில ஏறிப் போகும். பாம்பு, எலி அண்ட விடாது. அதுக்கு யாரும் வம்சாவளித் தாள் எழுதல. மூச்சு முட்டினது காட்டுல பிழைக்காது, கால் ஊனமானது ஏணி ஏறாது. காடுதான் அங்க சோதனைச்சாலை. அதுல தேறினது மட்டும் குட்டி போட்டுச்சு.

இன்னிக்குக் கோலா தெர்லாவுல இருக்கிற பிள்ளைங்ககிட்ட கேளுங்க. ஹஸ்கி தெரியும், பக் தெரியும், தெலோமியன் தெரியாது. உலகச் சங்கமான எஃப்.சி.ஐ. பட்டியல்லயும் அது இல்ல. வெளியூர் நாய்க்குப் பேரேடு வெச்சுக் காப்பாத்துற நாம, நம்ம ஆத்துப் பேரைச் சுமக்கிற நாய்க்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கல.

எம்.கே.ஏ. என்று சொல்லப்படும் மலேசியக் கென்னல் சங்கம்தான் நம்ம நாட்டுல எஃப்.சி.ஐ. உறுப்பினர். நாய்ப் பதிவு, வம்சாவளிச் சான்றிதழ், கண்காட்சி எல்லாம் அவங்க பொறுப்பு. அவங்களுக்கு நாங்கள் பணிவோட வைக்கிற கோரிக்கைகள் இவை:

1. தாய் தகப்பனோட சோதனை முடிவு இல்லாம குட்டிக்குப் பதிவு வேண்டாம். எல்லா இனத்துக்கும் எல்லாச் சோதனையும் கேக்கல. பெரிய நாய்க்கு இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே. சப்பை மூக்குக்கு மூச்சுச் சோதனை. வெள்ளை இனத்துக்குக் காது. கண் வியாதி உள்ள இனத்துக்கு மரபணு. இனத்துக்கு இனம் பட்டியல் போட்டுக் கொடுங்க.

2. சோதனை முடிவைச் சான்றிதழிலேயே அச்சடிங்க. மைக்ரோசிப் எண்ணைத் தட்டினா வாங்குறவர் கைப்பேசியிலேயே பார்க்கிற மாதிரி செய்ங்க. சோதிக்காத நாயா இருந்தா "சோதிக்கப்படவில்லை"ன்னு பெரிய எழுத்துல போடுங்க.

3. அப்பன்-மகள், தாய்-மகன், கூடப் பிறந்தவை சேர்க்கையில் பிறந்த குட்டிக்குப் பதிவு கூடாது. ரத்த நெருக்கம் எத்தனை விழுக்காடுன்னு கணக்குப் போட்டுச் சான்றிதழில் காட்டணும்.

4. பெட்டைக்கு ஈத்து வரம்பும், அறுவைப் பிரசவ வரம்பும் வேணும். பெட்டை நாய் மிஷின் இல்ல. மிஷினைக்கூட நாங்கள் சர்வீசுக்கு நிறுத்துறோம்.

5. கண்காட்சியில் பட்டம் கொடுக்கும் முன் கால்நடை மருத்துவர் பார்க்கணும். போட்டியில எது ஜெயிக்குதோ அதைத்தான் எல்லாரும் வளர்ப்பாங்க.

6. நோயை நீக்க வெளி இனத்தோட சேர்க்கை தேவைப்பட்டா, டால்மேஷனுக்குச் செஞ்ச மாதிரி கதவைத் திறங்க. கூடவே ஓராங் அஸ்லி மக்களோட சம்மதத்தோடவும் பங்கோடவும், இந்நாட்டு நாய்களுக்கு ஆரோக்கியத்தை முதல்ல வெச்சு ஒரு பதிவேடு தொடங்குங்க. அவங்க பேரும் அதுல இருக்கணும்.

இதுக்கு வர்ற மறுப்புகளும் எங்களுக்குத் தெரியும்.

"செலவு கூடும், வளர்க்கிறவங்க சங்கத்தை விட்டு ஓடிடுவாங்க, தாளே இல்லாம விப்பாங்க." நியாயமான பேச்சு. அதுக்குத்தான் ஒரே நாள்ல எல்லாத்தையும் கேக்கல. செலவு கம்மியான சோதனையில ஆரம்பிங்க. பிரிட்டன்ல 2019-லிருந்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் கென்னல் கிளப்பும் சேர்ந்து நடத்துற மூச்சுச் சோதனையைப் பாருங்க. மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வெச்சுக் கேப்பார், நாயை மூணு நிமிசம் ஓட விடுவாங்க, திரும்பவும் கேப்பார், பூஜ்யத்துல இருந்து மூணு வரைக்கும் தரம் போடுவார். அவ்வளவுதான். இதுக்கு ஆஸ்பத்திரி கட்டணுமா? பயிற்சி பெற்ற மருத்துவரும் ஒரு திடலும் போதும். ஒரு குட்டியை ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு விக்கிறவருக்கு இந்தச் செலவு பெருசு இல்ல. இன்னிக்கு அவர் மிச்சம் பிடிக்கிற காசுதான் நாளைக்கு வாங்குறவர் தலையில கடனா விழுது.

தாளே இல்லாம விக்கிறவங்க விஷயம் வேற. விலங்கு நலச் சட்டம் 2015, அதாவது சட்டம் 772, 2017-லிருந்து நடப்புல இருக்கு. வியாபாரமா விலங்கு இனப்பெருக்கம் செய்ய லைசென்ஸ் வேணும். கொடுமை செஞ்சா 20,000 வெள்ளியில இருந்து 1 லட்சம் வெள்ளி வரைக்கும் அபராதம், மூணு வருசம் வரைக்கும் சிறை. சங்கமும் கால்நடை சேவை இலாகாவும் கை கோத்தா, தாள் இல்லாதவங்களுக்கு ஓடி ஒளிய இடம் இருக்காது.

"சங்கம் ஒரு தனியார் அமைப்பு, அவங்க விதியைக் கேக்க நீங்க யாரு?" தனியார்தான். ஆனா அவங்க விக்கிறது நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் காசு கொடுத்து வாங்குறது நம்ம மாதிரி கூலிக்காரக் குடும்பங்கள். நம்பிக்கை உடைஞ்சா அதோட மிச்சம் கோயில் வாசல்ல வந்து விழுது. அதைத் தூக்கிச் சுமக்கிறவங்களுக்குப் பேச உரிமை உண்டு.

"வளர்க்கிறவங்க எல்லாரும் கெட்டவங்களா?" இல்லவே இல்ல. சொந்தக் காசுல எக்ஸ்ரே எடுத்து, தேறாத நாயைச் சேர்க்காம வளர்க்கிற நல்லவங்களும் இருக்காங்க. விதி இல்லாததால நஷ்டப்படுறது முதல்ல அவங்கதான். சோதிச்சவர் குட்டியும் சோதிக்காதவர் குட்டியும் ஒரே தாளோட ஒரே சந்தைக்கு வந்தா, மலிவா விக்கிறவர்தான் ஜெயிப்பார். விதி வந்தா நல்லவருக்கு விலை கிடைக்கும்.

சங்கம் மாறும் வரைக்கும் நாமளும் சும்மா இருக்க வேண்டாம் சொந்தங்களே. குட்டி வாங்கப் போறவங்க "சான்றிதழ் இருக்கா"ன்னு கேக்குறதோட நிறுத்தாதீங்க. அம்மா நாயைக் கண்ணால பார்க்கணும்னு சொல்லுங்க. அது ஓடிட்டு வந்து எப்படி மூச்சு விடுதுன்னு பாருங்க. எத்தனை ஈத்து, எப்படிப் பிரசவம்னு கேளுங்க. எக்ஸ்ரே, கண், மரபணு முடிவைத் தாளோட காட்டச் சொல்லுங்க. மழுப்பினா எழுந்து வந்துடுங்க. நாய் வேணும்னா கோயில் பக்கம் வாங்க, தடுப்பூசி போட்ட கம்போங் குட்டிகள் காத்துக்கிட்டு இருக்கு. தோட்டத்துல காவலுக்கு அதை மிஞ்சின நாய் இல்ல. ஏற்கெனவே வாங்கி, வைத்தியம் பார்க்க முடியாம தவிக்கிறவங்க ராத்திரியில விட்டுட்டுப் போகாதீங்க. பகல்ல வந்து பேசுங்க, யாரும் திட்ட மாட்டோம். சேர்ந்து வழி பார்ப்போம்.

இந்தக் கோரிக்கைகளைக் கடிதமா எழுதி, மலேசியக் கென்னல் சங்கத்துக்கும் கால்நடை சேவை இலாகாவுக்கும் அனுப்பப் போறோம். கையெழுத்துப் போட விரும்புறவங்க வர்ற தேய்பிறை அஷ்டமி பூசைக்கு வரும்போது அலுவலக மேசையில கேளுங்க. வர முடியாதவங்க இந்தப் பதிவுக்குக் கீழ பேரும் ஊரும் போடுங்க, சேர்த்துக்கிறோம். நாய் வளர்க்கிற, விக்கிற நண்பர்கள் மாற்றுக் கருத்து இருந்தா மரியாதையா எழுதுங்க, பதில் சொல்றோம்.

வாயில்லாத ஜீவன் மனு எழுதாது. எழுதத் தெரிஞ்ச நாமதான் எழுதணும்.

பைரவர் எல்லாரையும் காக்கட்டும்.